குடைக்கு ஓர் உறை

குடை நம்மைக் காக்கிறது. குடையைக் காப்பது எது? குழந்தைகள் கேட்கும் விடுகதை போல இருக்கும். ஆனால் இந்தக் கேள்விக்கு விடை கடையில் கிடைக்கிறது. அதன் பெயர் குடை உறை.

ராஜீவ் காந்தி சாலை என்று பெயர் மாறிய பிறகும் நாங்கள் ஓ.எம்.ஆர். என்றே சொல்லும் சாலையில், சிறுசேரிக்கும் கேளம்பாக்கத்துக்கும் நடுவே இருக்கிறது படூர். இங்கே எழும்பியிருக்கும் அடுக்குமாடி வளாகங்களில் நீச்சல் குளமும் அதை ஒட்டிச் சிறு தோட்டமும் இல்லாதவை குறைவு. தோட்டத்தில் கனத்த அடிக்கல்லில் தண்டு நட்ட பெரிய துணிக் குடைகள். கிழக்கே கோவளம் போனால் கடற்கரை விடுதிகளின் புல்வெளிகளில் இதே குடைகள் வரிசையாக நிற்கும். வெயில் தாழ்ந்ததும் அவற்றை மடக்கி, பட்டையால் கட்டி, தலையிலிருந்து கால்வரை நீண்ட ஓர் உறையை மாட்டி, ஜிப்பை இழுத்துவிடுவார்கள். இருட்டில் பார்த்தால் யாரோ போர்த்திக்கொண்டு நிற்பது போல இருக்கும்.

உறை எதற்கு என்றால் காரணங்கள் மிகத் தெளிவானவை. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் துணியின் இழைகளைச் சிறுகச் சிறுக அறுக்கின்றன. பாலியஸ்டர் நிறம் வெளுத்து, பிறகு தொட்டால் கிழிகிறது. இழை நூற்கும்போதே சாயம் கலந்த அக்ரிலிக் துணி கூடுதல் நாள் தாங்கும், அதுவும் என்றென்றைக்கும் அல்ல. கடற்காற்றில் வரும் உப்பு கம்பிகளிலும் மூட்டுகளிலும் படிந்து, ஈரத்தை இழுத்து, துருவை உண்டாக்குகிறது. விரித்தபடியே விட்டால் காற்று குடையைத் தூக்கி எறிந்துவிடும். எனவே இரவில் மூடு, மழையில் மூடு, ஆள் இல்லாதபோது மூடு. இன்னொரு விதியும் உண்டு: ஈரத்தோடு மூடாதே.

எங்கள் வளாகத்தில் இந்த வேலையைச் செய்யும் அக்கா தையூரிலிருந்து வருகிறார். கடைசி விதியை எனக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான். "ஈரத்தோட மூடிட்டா நாறிப்போயிடும் மேடம். காலையில தொறந்தா கறுப்புக் கறுப்பா புள்ளி நிக்கும். அப்புறம் எத்தன தேச்சாலும் போகாது." மழைநாளில் குடைகளை அவர் முதலில் விரித்துக் காயவைக்கிறார், பிறகுதான் மூடுகிறார். பகல் பதினொரு மணிக்கு அதே புல்வெளியில் குந்தி உட்கார்ந்து களை பிடுங்குகிறார். குடை விரிந்திருக்கிறது, அதன் கீழ் யாரும் இல்லை. இரண்டு எட்டு தள்ளி வெயிலில் அவர் இருக்கிறார். கொஞ்ச நேரம் நிழலில் உட்காருங்களேன் என்றேன். "உக்காந்தா யாராச்சும் போட்டோ எடுத்து குரூப்புல போட்டுடுவாங்க மேடம்" என்றார், சிரித்துக்கொண்டே.

பணியாளர்கள் குடையின் கீழ் உட்காரக் கூடாது என்று அங்கே எந்தப் பலகையும் இல்லை. அப்படி ஒரு பலகை வைத்தால் எங்கள் குடியிருப்போர் பலரும் வெட்கப்படுவார்கள், எதிர்த்தும் பேசுவார்கள். பலகை தேவைப்படவில்லை என்பதுதான் விஷயம். எழுதாத விதியை எல்லோரும் படித்திருக்கிறோம்.

இதை வகுப்பில் பேசியபோது ஒரு மாணவி நேராகக் கேட்டாள்: "குடைக்கு உறை போடாம விட்டா அந்த அக்காவுக்கு என்ன மேம் கிடைக்கப் போகுது?" நல்ல கேள்வி. ஒன்றும் கிடைக்காது. குடை கிழியும், அவ்வளவுதான். ஒருவேளை கிழிந்ததற்கு அவரிடமே கேள்வி வரும். பொருளைப் பேணுவது பிழையல்ல. பேணாமல் வாங்கி வாங்கி எறியும் இந்தக் காலத்தில் அது ஒரு நற்குணம்கூட. குடையின் உறையைப் பார்த்து நான் ஆத்திரப்படவில்லை. அதை ஒரு சாட்சியமாகப் பார்க்கிறேன்.

எதற்குச் சாட்சியம்? வெயில் என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும் என்பதற்கு. உப்பு என்ன செய்யும், ஈரம் என்ன செய்யும், நாள்கணக்கில் இடைவிடாமல் வெளியில் நின்றால் எதுவாயினும் என்ன ஆகும் என்று நமக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருப்பதால்தான் அதற்கென அளவெடுத்துத் தைத்த உறையைத் தேடிப் பிடித்து வாங்குகிறோம். உழைக்கும் பெண்களின் உடல்பற்றிப் பேசும்போதெல்லாம் விழிப்புணர்வு இல்லை, விழிப்புணர்வு வேண்டும் என்கிறோம். விழிப்புணர்வு இருக்கிறது. அது துணிக்கும் கம்பிக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. தோலுக்கும் எலும்புக்கும் போய்ச் சேரவில்லை.

படூரிலிருந்து கேளம்பாக்கம் போய்க் கோவளம் சாலையில் திரும்பினால் உப்பளங்கள் தெரியும். பாத்தி பாத்தியாய் வானத்தைப் பிரதிபலிக்கும் நீர், ஓரங்களில் வெள்ளைக் குவியல்கள். காரில் போகிறவர்கள் நிறுத்திப் படம் எடுக்க நல்ல இடம். அங்கே வேலை செய்வது வேறு அனுபவம். மேலே இருந்து வெயில், கீழே வெள்ளை உப்பிலிருந்து திரும்பி அடிக்கும் அதன் ஒளி, காலில் உப்பு நீர். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை ஆவியாகாது, ஆவியாகாத வியர்வை உடலைக் குளிர்விக்காது. தமிழகத்தின் உப்பளங்களிலும் வயல்களிலும் பெண்கள் சேலைக்கு மேல் ஆணின் முழுக்கைச் சட்டையைப் போட்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொள்கிறார்கள். யாரும் வாங்கித் தராத உறை அது. கணவனின், மகனின் பழைய சட்டை. ஒதுங்க மறைவிடம் இல்லாத இடத்தில் தண்ணீரையும் குறைத்துக் குடிக்கிறார்கள். அதன் வலி பிறகு சிறுநீர்ப் பாதையில் தெரிகிறது.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழகத்தில் 800 கர்ப்பிணிப் பெண்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற வெப்பமான இடங்களில் வேலை செய்தவர்களையும், பள்ளி, மருத்துவமனை போன்ற குளிர்ச்சியான இடங்களில் வேலை செய்தவர்களையும் ஒப்பிட்டார்கள். 2024இல் முடிவு வெளியானது. கடும் வெப்பத்தில் வேலை செய்த பெண்களுக்குக் கரு கலையும் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு. இந்தச் செய்தியைப் படித்த அன்று நான் எந்தக் கவிதையும் எழுதவில்லை. குடைத் துணி எத்தனை மணி நேரம் வெயில் தாங்கும் என்று சோதித்துப் பார்த்து விற்கிறார்கள், அதை நம்பி வாங்குகிறோம். இந்தக் கணக்கு மட்டும் நம் வாழ்வில் எதையும் மாற்றாமல் நகர்ந்து போகிறதே என்றுதான் நினைத்தேன்.

ஏன் இப்படி? இம்மானுவேல் கான்ட் 1785இல் எழுதிய அறவியல் நூலில் விலையையும் மாண்பையும் பிரித்தார். எதற்கு ஈடாக இன்னொன்றை வைக்க முடியுமோ அதற்கு விலை உண்டு. எதற்கு ஈடே கிடையாதோ அதற்கு மாண்பு உண்டு. பொருள்களுக்கு விலை, மனிதருக்கு மாண்பு என்பது அவர் வகுத்த ஒழுங்கு. தத்துவ வகுப்பில் எல்லோரும் தலையாட்டும் இடம் இது. ஆனால் நம் புல்வெளியில் இந்த ஒழுங்கு தலைகீழாக நிற்கிறது. விலை உள்ள குடையை ஈடில்லாதது போலக் காக்கிறோம். மாண்பு உள்ள மனுஷியை, இவர் இல்லாவிட்டால் ஒப்பந்தக்காரர் நாளைக்கு இன்னொருவரை அனுப்புவார் என்ற கணக்கில் நடத்துகிறோம்.

காரணம் எளியது. குடை கிழிந்தால் நஷ்டம் குடைக்குச் சொந்தக்காரருக்கு. அந்த அக்காவின் முதுகு போனால் நஷ்டம் அந்த அக்காவுக்கு. ஒப்பந்தத்தில் அவர் உழைப்பு வாங்கப்படுகிறது; அதனால் உடலில் ஏறும் தேய்மானம் வாங்கப்படுவதில்லை, அதை அவர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். யாருக்குச் சொந்தமோ அவர் காக்கட்டும் என்பது இந்த ஏற்பாட்டின் அறம். அவர் காத்துக்கொள்ள நேரமும் நிழலும் வேண்டுமே என்றால் அதற்குப் பதில் இல்லை.

இதற்கு மேல் ஒரு பூச்சும் உண்டு. அதைப் பூசியது நம் பண்பாடு. பெண் தாங்குவாள். பூமித்தாய் பொறுமை, சுமைதாங்கிக் கல், ஆலமர நிழல் என்று எத்தனை உவமைகள்! நிழல் தருகிறவளுக்கு நிழல் எதற்கு என்ற எண்ணம் இந்த உவமைகளுக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. தாங்குவதை அவள் இயல்பாக்கிவிட்டால், தாங்க வைப்பது யாருடைய குற்றமும் ஆகாது. கவிதை எழுதுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: உவமை சும்மா இருப்பதில்லை. அது கூலியைக்கூடக் குறைக்கும்.

பராமரிப்பு என்ற வேலைக்கே இந்த விதிதான். நியூயார்க் கலைஞர் மியர்லி லேடர்மன் யூகலிஸ் குழந்தை பெற்றபின், 1969இல், பராமரிப்பையே கலை என்று அறிவித்து ஓர் அறிக்கை எழுதினார். 1973இல் ஓர் அருங்காட்சியகத்தின் படிக்கட்டுகளை மண்டியிட்டுக் கழுவி அதைத் தன் கலைச்செயலாகக் காட்டினார். உள்ளே இருந்த ஓவியங்களைப் பார்க்க வந்தவர்கள், ஓவியத்தைச் சுத்தமாக வைத்திருக்கும் கையை அன்று பார்க்க வேண்டியதாயிற்று. புதிதாக ஒன்றைச் செய்பவருக்குப் பெயர்; இருப்பதைக் கெடாமல் வைத்திருப்பவருக்குப் பெயரில்லை. நம் சமையலறைகளிலும் நடப்பது இதுதான்.

மூடுதல் என்ற செயலுக்கு வருகிறேன். பெண்கள் இந்தச் சொல்லைக் கேட்டதும் கொஞ்சம் உஷாராவோம். "மூடிக்கொள்" என்பது நமக்குச் சொல்லப்பட்ட முதல் அறிவுரைகளில் ஒன்று. உறையில்லாத மிட்டாயில் ஈ மொய்க்கும் என்று பெண்களைப் பார்த்துச் சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அப்படியானால் உறையே பகையா?

நம் தெற்கு எல்லையின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதிகளில், நாடார் பெண்கள் தோளையும் மார்பையும் மூடக் கூடாது என்று தடை இருந்தது. மூடியதற்காக அடிபட்டார்கள், சேலை கிழிக்கப்பட்டது. பல பத்தாண்டுகள் நீண்ட தோள்சீலைப் போராட்டத்துக்குப் பின், 1859 ஜூலையில்தான் அரசாணை வந்தது. அதிலும் உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. அதே ஊரில் அதே மக்களுக்கு இன்னொரு தடையும் இருந்ததைச் சாமுவேல் மேட்டீர் 1871இல் வெளியான தன் நூலில் பதிவுசெய்திருக்கிறார்: குடை பிடிக்கக் கூடாது. செருப்புப் போடக் கூடாது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமக்கக் கூடாது என்ற தடைகளும் அந்தப் பட்டியலில் உண்டு. வெயிலையும் மழையையும் முள்ளையும் நேரடியாகத் தாங்கு என்பதையே சட்டமாக எழுதி வைத்திருந்தார்கள். நிழல் சாதிக்கு உரியதாக இருந்தது.

மூட விடாததும், மூடு என்று கட்டாயப்படுத்துவதும் எதிரெதிர் போலத் தோன்றும். இரண்டிலும் தீர்மானிப்பவர் ஒருவரே. அந்த உடலில் வாழ்பவர் அல்ல. ஆகவே உறை நல்லதா கெட்டதா என்பது தவறான கேள்வி. யாருடைய பயனுக்காக, யாருடைய சொல்லின் பேரில் என்று கேட்க வேண்டும். குடையின் உறை இந்த வகையில் நேர்மையானது. குடை வேலை செய்யாதபோதுதான் அதை மூடுகிறார்கள். மறுநாள் விரிக்க வேண்டும் என்பதற்காகவே மூடுகிறார்கள். வாளுக்கு உறை போடுவதும் நாளை உருவத்தான். விரிவதற்கு உதவுகிற மூடல் பாதுகாப்பு. விரியவே விடாத மூடல் சிறை. பெண்ணுக்குச் சொல்லப்படும் பாதுகாப்பு பெரும்பாலும் இரண்டாவது வகை: கல்லூரிச் சுற்றுலா வேண்டாம், இரவு வேலை வேண்டாம், வெளியூர் வேண்டாம். விரிக்காமல் வைத்தால் குடை புதிதாகவே இருக்கும் என்பது உண்மைதான். அதற்குக் குடை எதற்கு?

தையூர் அக்கா சொன்ன ஈர விதியை நான் குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குள் நடந்த வன்முறை, பிள்ளையிடம் உறவினர் நடந்துகொண்ட முறை, யாரும் பேசாத கருச்சிதைவு. காயவைக்க நேரம் தராமல், நாலு பேருக்குத் தெரியாமல், மானம் என்ற உறையைப் போட்டு இழுத்துக் கட்டுவார்கள். வெளியே நேர்த்தியாக இருக்கும். உள்ளே கறுப்புப் புள்ளி பரவிக்கொண்டிருக்கும். என்னிடம் ஆய்வேட்டைத் திருத்த வந்து, திருத்தம் முடிந்தபின்னும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் மாணவிகளுக்கு இது புரியும். மூடுவதற்கு முன் காற்றும் வெளிச்சமும் பட வேண்டும். துணிக்குப் பொருந்துவது மனதுக்கும் பொருந்தும்.

நிழலை உரிமையாக எழுதிய சட்டங்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. நூறு நாள் வேலைக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, பணியிடத்தில் குடிநீரும், குழந்தைகளுக்கும் ஓய்வு நேரத்துக்கும் நிழலும், முதலுதவிப் பெட்டியும் இருக்க வேண்டும் என்றது. கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள் போராடி, 2018இல் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கினார்கள். 2021இல் தமிழ்நாடும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளருக்கு இருக்கை தர வேண்டும் என்றது. நாற்காலி ஒரு பெரிய உரிமையா என்று கேட்பவர்கள் பன்னிரண்டு மணி நேரம் நின்று பார்க்கலாம். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. வரவேற்க வேண்டிய அறிவிப்பு. ஆனால் அந்தப் பணம் வருவது அவர் விழுந்த பிறகு. உயிரோடு இருக்கும்போது விரிய வேண்டிய குடை வேறு: நடுப்பகலில் நிறுத்தி, காலையிலும் மாலையிலும் பிரித்த வேலை நேரம், கூலி பிடிக்காத ஓய்வு, தண்ணீர், கதவுள்ள கழிப்பறை, நிழலில் ஒரு நாற்காலி.

எங்கள் வளாகக் கூட்டத்தில் இதில் பாதியைக் கேட்டேன். வேலை நேரத்தை மாற்ற ஒப்புக்கொண்டார்கள். களை பிடுங்குவது இப்போது காலை ஒன்பதுக்குள் முடிகிறது. நாற்காலி பற்றி, "அதை அந்த ஏஜென்சிதான் பார்க்கணும் மேடம்" என்றார்கள். குடைக்கு உறை வாங்கும்போது குடை செய்த கம்பெனிதான் பார்க்கணும் என்று யாரும் சொல்லவில்லையே என்றேன். கூட்டம் அடுத்த பொருளுக்குப் போனது. அடுத்த மாதமும் நாற்காலி நிகழ்ச்சி நிரலில் இருக்கும். நான் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இப்படிக் கேட்பது தமிழுக்குப் புதிதல்ல. புறநானூற்றின் 35ஆம் பாட்டில் வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனின் முன் நின்று அவனுடைய வெண்கொற்றக் குடைக்குப் பொருள் சொல்கிறார். அந்தக் குடை அரசன் தலையில் வெயில் படாமல் இருக்கப் பிடித்ததல்ல, வருந்தும் குடிகளுக்கு நிழலாகப் பிடித்தது என்பது அவர் வாதம். பாட்டைப் பாடம் நடத்தும்போது இந்த உவமையின் அழகோடு நிறுத்திவிடுவது வழக்கம். பாட்டின் அடிக்குறிப்பையும் படிக்க வேண்டும். நாகனார் அங்கே போனது அழகுக்காக அல்ல. செலுத்தாமல் நின்றுபோன நிலவரியைத் தள்ளச் சொல்லிப் பாடினார். தள்ளிவைத்தார்கள் என்கிறது குறிப்பு. குடையைப் புகழ்ந்து, அதன் கடமையை நினைவூட்டி, கணக்கில் என்ன குறைய வேண்டும் என்று கேட்டு வாங்கினார்.

வள்ளுவர் குடைக்குக் கவிகை என்றொரு சொல்லை ஆள்கிறார். காது கசக்கும் சொல்லைப் பொறுத்துக் கேட்கிற அரசனின் கவிகைக்கீழ்தான் உலகம் தங்கும் என்பது அந்தக் குறளின் கருத்து. என் மாணவிகளுக்கு இந்த இரண்டையும் சேர்த்தே நடத்துகிறேன். குடை வைத்திருப்பவர் கசப்பைக் கேட்கப் பழக வேண்டும். வெயிலில் நிற்பவரும், அவருக்காகப் பேச வாய்ப்புள்ள நாமும், கசப்பைச் சொல்லப் பழக வேண்டும். வரித் தள்ளுபடி மாதிரி, நாற்காலி மாதிரி, என்ன வேண்டும் என்பதைப் பெயர் சொல்லி.